மைதானத்துக்கு வராத அணி

அவருக்கு பஸ் டெப்போவில் வேலை. பஸ் ஓட்டுவதில்லை. எந்த டிரைவர் எந்த நாளில் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுவார். இருநூற்றுப் பதினாறு டிரைவர்களின் காய்ச்சல், கல்யாணம், மாமியாரின் ஆபரேஷன், மகளின் பரீட்சை எல்லாம் அவருடைய கட்டங்களைக் கேட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் டெப்போவில் யாரும் அவரை டூட்டி கிளார்க் என்று கூப்பிட்டதில்லை. "செயலாளர்" என்றுதான் கூப்பிட்டார்கள். வட்டார ரக்பி லீக்குக்கு அவர் இருபத்தாறு வருஷமாகச் செயலாளர். வீட்டில் மனைவிகூட, கோபம் வந்தால் மட்டும், "செயலாளர் சாப்பிட வரலாமா?" என்பார்.

அந்தப் பதவி வந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. இளவயதில் அவர் ரக்பி ஆடப் போனார். மூன்றாவது ஆட்டத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இடக்கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவரிடம் அப்போதைய கேப்டன் வந்து ஒரு நோட்டை மடியில் வைத்தார்.

"எழுதற கை நல்லாத்தானே இருக்கு?"

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. நோட்டை வாங்கிக்கொள்ளத்தான் யாரும் வரவில்லை.

அவர் நோட்டை வாங்கியபோது வட்டாரத்தில் பதினொரு அணிகள். சனிக்கிழமைகளில் மைதானம் போதாமல் காலையிலேயே ஆட்டம் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஆலையில் ஆட்குறைப்பு செய்தார்கள். படித்த பையன்கள் வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போனார்கள். இங்கேயே இருந்தவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை. மிச்சப்பட்டவர்களைக் கல்யாணமும் முழங்காலும் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு சீசனில் மட்டும் நாலு கல்யாணம், மூன்று முழங்கால். கடைசியில் நின்றவை ஐந்து: ஆலை, துறைமுகம், கல்லூரி, தீயணைப்பு, பாலத்தடி. ஒரு அணிக்குப் பதினைந்து பேர் வேண்டும். பத்துப் பேர் வந்தால் ஆடலாம் என்று அவரே விதியைத் தளர்த்தியிருந்தார். அந்தப் பத்துக்கே கேப்டன்கள் வாரம் முழுக்கப் போனும் கையுமாக அலைந்தார்கள்.

ஆட்கள் குறையக் குறைய நிர்வாகம் மட்டும் செழித்தது. ஆடுவதை நிறுத்தியவர்கள் எல்லாம் கமிட்டிக்கு வந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். பழைய முன்வரிசை ஆட்டக்காரர், இரண்டு காதும் நசுங்கிக் காலிஃப்ளவர் மாதிரி இருக்கும். மூன்று துணைத் தலைவர்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒரு துணைக் குழு, அதை மேற்பார்வை பார்க்க ஒரு குழு. ஒரு டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில், சாலைக் குறியீட்டுப் படங்களுக்குக் கீழே, மாதம் ஒரு முறை கூடுவார்கள். வருகை எப்போதும் முழுசாக இருக்கும். ஒரு நாள் செயலாளர் தலைகளை எண்ணிப் பார்த்தார். பதினேழு. எழுந்து மைதானத்துக்குப் போனால் ஒரு அணியும் இரண்டு மாற்று ஆட்களும் தேறும். நோட்டில் 'வருகை 17' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

அந்த வருஷம் சீசன் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால் ரக்பி சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு அணிகளுக்குக் குறைவாக இருந்தால் அதை லீக் என்று அங்கீகரிக்க இயலாது. அங்கீகாரம் இல்லாவிட்டால் நகராட்சி மைதானத்தில் சனிக்கிழமை மாலை நேரம் கிடையாது. அந்த நேரத்தைக் கேட்டு ஏற்கெனவே ஒரு நாய்ப் பயிற்சிப் பள்ளி மனுப் போட்டிருந்தது. நாற்பத்திரண்டு நாய்கள், எல்லாம் முறையாகப் பதிவு செய்தவை, ஒன்றுகூட வராமல் இருப்பதில்லையாம்.

"நாய்ங்க நேரத்துக்கு வருது, உங்காளுங்க வர்றதில்ல. நகராட்சிக்காரங்களைக் குத்தம் சொல்ல முடியுமா?" என்றார் மனைவி. அவர் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். ஊசியைக் குத்திவிட்டு முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது அவருக்குத் தொழில்.

"இன்னும் ஒரு அணி. ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்."

"எங்கேருந்து கொண்டு வருவீங்க?"

செயலாளர் ஒரு தாளை எடுத்தார். அவருடைய மூளை அதற்குள் கட்டம் போட ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் டெப்போவில் டிரைவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும் மேஜையில் இன்னொரு தாளையும் வைத்தார். அது அணிப் பதிவுப் படிவம். மேல்பாதி மடித்திருந்தது.

"இதென்ன செயலாளரே, இன்னொரு கையெழுத்து?"

"சும்மா, விளையாட்டுக்கு."

டிரைவர்கள் சிரித்துக்கொண்டே போட்டார்கள். பதினைந்து கையெழுத்து ஆனதும் தாளை எடுத்து உள்ளே வைத்தார். தான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். டெப்போ வட்டச்சாலையில் இருந்ததால் அணிக்கு "வட்டச்சாலை" என்று பெயர் வைத்தார். அந்தச் சாலையில் டெப்போவையும் இரண்டு டயர் கடைகளையும் விட்டால் வேறு ஒன்றும் இல்லை. அண்ணன் ஆடுகிறானா, தம்பி ஆடுகிறானா என்று விசாரிக்க அங்கே யாரும் கிடையாது.

திட்டம் சுலபமானது. லீக்கின் விதிப்படி, ஆள் சேராத அணி முன்கூட்டிச் சொல்லிவிட்டால், எதிரணிக்கு ஆடாமலேயே நாலு புள்ளி. ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. ஒவ்வொரு அணியோடும் இரண்டு தடவை, ஆக வட்டச்சாலைக்குப் பத்து ஆட்டம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "அவங்களால வர முடியல" என்று எதிரணிக்குச் சொல்லிவிட வேண்டியது. பத்தும் தோற்று, கடைசி இடத்தில் அமைதியாகக் கிடக்கட்டும். வியாழனே சொன்னால் சந்தேகம் வரும். நிஜமான அணி என்றால் வெள்ளி வரைக்குமாவது நம்பிக்கையோடு இருக்கும் அல்லவா?

அந்த ஒரு நாள்தான் அவரைக் கவிழ்த்தது.

முதல் ஆட்டம் துறைமுகத்தோடு. வியாழக்கிழமை சாயங்காலம் துறைமுகக் கேப்டனிடமிருந்து போன்.

"செயலாளரே, இந்த வாரம் எங்களால முடியாது."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஏழு. அதுல ஒருத்தன் வரேன்னு சொல்லல. பாக்கறேன்னுதான் சொன்னான்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "வட்டச்சாலைக்காரங்க கோவிச்சுக்குவாங்களா?"

"மாட்டாங்க," என்றார் செயலாளர். "பெருந்தன்மையான ஆளுங்க."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அணியும் வரவில்லை என்று எழுதினால் ஆட்டம் நடக்கவில்லை என்றாகிவிடும். நடக்காத ஆட்டம் மூன்று சேர்ந்தால் அங்கீகாரம் போய்விடும். வேறு வழியில்லாமல் வட்டச்சாலைக்கு நேரே 'வெற்றி, 4' என்று எழுதினார்.

அடுத்து தீயணைப்பு அணி. அவர்களும் வியாழனே கை விரித்தார்கள். கல்லூரிக்குப் பரீட்சை. பாலத்தடியில் கேப்டனுக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் சுற்றில் துறைமுகமும் தீயணைப்பும் மறுபடி போன் செய்தன. செயலாளர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே வெற்றிகள் வந்து விழுந்தன. ஒரு தடவை வியாழன் மத்தியானமே முந்திக்கொண்டு போன் செய்தார். மறுமுனையில், "நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம்" என்று சொல்லி அவர்கள் முந்திக்கொண்டார்கள். சீசன் முடிந்தபோது, மைதானத்துப் புல்லை ஒரு தடவைகூட மிதிக்காத வட்டச்சாலை இருபத்து நாலு புள்ளியோடு இரண்டாம் இடத்தில் இருந்தது. முதல் இடம் ஆலைக்கு. முதல் இரண்டு அணிகளும் இறுதிப் போட்டியில் மோத வேண்டும் என்பது விதி. அந்த விதியையும் எழுதியவர் அவர்தான்.

அந்த மாதக் கமிட்டியில் பல் டாக்டர் நெகிழ்ந்துபோய்ப் பேசினார்.

"இந்த வட்டச்சாலைப் பசங்ககிட்ட ஒரு கட்டுக்கோப்பு இருக்கு. ஒரு மஞ்சள் அட்டை உண்டா? ஒரு காயம் உண்டா? மத்த அணிங்க இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும். நான் சம்மேளனத்துக்கே எழுதிட்டேன். ஃபைனலுக்குப் பார்வையாளரா ஒருத்தரை அனுப்பறாங்க. அவங்க பத்திரிகையிலயும் போடப் போறாங்களாம்."

பதினாறு பேர் கை தட்டினார்கள். தட்டாமல் இருந்தவர் ஒருவர். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வட்டாரத்திலேயே உரிமம் உள்ள ஒரே நடுவர். எந்த ஆட்டம் நடந்தாலும் விசில் அவர் வாயில்தான் இருக்கும். மறுநாள் பள்ளி விட்டதும் நேரே டெப்போவுக்கு வந்தார். செயலாளரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், நான் விசில் ஊதாம ஒரு அணி ஃபைனலுக்கு வந்திருக்கு. எப்படின்னு கணக்கு டீச்சராத்தான் கேக்கறேன்."

செயலாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஏழு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் முழுசாகக் கேட்டுவிட்டுக் கைப்பையைக் கீழே வைத்தார்.

"ஃபைனலுக்கும் வரலைன்னு சொல்லிட்டா?"

"பார்வையாளர் வராரே. ரெண்டாவது இடத்துல இருக்கிற அணி ஃபைனலுக்கு வரலைன்னா பதிவைத் தோண்டுவாங்க. தோண்டினா லீக்கே போச்சு."

"அப்ப ஆளைத்தான் கொண்டு வரணும்," என்றார் டீச்சர், வீட்டுப்பாடம் கொடுக்கிற குரலில்.

அன்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில் செயலாளர் அந்தப் பதினைந்து டிரைவர்களையும் பஸ் கழுவும் இடத்துக்குப் பின்னால் கூட்டினார். சராசரி வயது நாற்பத்து மூன்று. பாதிப் பேருக்கு முதுகு வலி, மீதிப் பேருக்குத் தொப்பை, சிலருக்கு இரண்டும்.

"ஒரு விஷயம் சொல்லணும். நீங்க எல்லாரும் ஏழு மாசமா ரக்பி வீரர்கள்."

யாரோ தண்ணீர்க் குழாயை மூடினார்கள். பிறகு டெப்போவிலேயே நீளமான பஸ்ஸை ஓட்டும் பெரிய உடம்புக்காரர் கேட்டார்:

"ஜெயிச்சிருக்கோமா, தோத்திருக்கோமா?"

"ரெண்டாவது இடம்."

"பரவாயில்லையே."

"ஃபைனல் இருக்கு. அதுக்கு நேர்ல வரணும்."

அதற்குத்தான் முணுமுணுப்பு கிளம்பியது. ஒருவர் தனக்குச் சர்க்கரை என்றார். இன்னொருவர், பந்து உருண்டையா இருக்காதாமே என்று கவலைப்பட்டார். செயலாளர் வேறு வழியில்லாமல் தன் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். வருகிறவர்களுக்கு மூன்று மாதம் சனிக்கிழமைகளில் வார விடுமுறை. டெப்போவில் சனிக்கிழமை விடுமுறை கிடைத்தவனை மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். அது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று அவருக்குத் தெரியும். பதினைந்து பேரும், சர்க்கரைக்காரர் உட்பட, சம்மதித்தார்கள். விஷயம் கேள்விப்பட்ட ஒரு மெக்கானிக், யாரும் கேட்காமலேயே பதினாறாவதாகப் பேர் கொடுத்தார்.

இரண்டு வாரம் டீச்சர் பள்ளி விட்டு வந்து டெப்போ முற்றத்தில் சொல்லிக்கொடுத்தார். முதலில் விழுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். பந்தை முன்னால் வீசக் கூடாது, பின்னாலோ பக்கத்திலோதான் வீச வேண்டும் என்று புரியவைக்கவே நாலு நாள் ஆனது. இரண்டு பக்கமும் தலையைக் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளும் ஸ்க்ரம் வந்தபோது, அதில் தள்ளவே கூடாது, சும்மா கோத்துக்கொண்டு நின்றால் போதும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"கழுத்து போனா அப்புறம் கண்ணாடியில பின்னால பார்க்க முடியாது," என்றார். டிரைவர்களுக்கு அந்த மொழி புரிந்தது.

இறுதிப் போட்டி அன்று செயலாளர் ஒரு மணி நேரம் முன்னாலேயே மைதானத்துக்குக் கிளம்பினார். மனைவியும் கூட வந்தார். யாருக்காவது ரத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று. சம்மேளனப் பார்வையாளர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, பல் டாக்டருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாறு டிரைவர்களும்—மெக்கானிக்கும் அதற்குள் டிரைவர் கணக்கில் சேர்ந்துவிட்டார்—டெப்போ பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தவில்லை. அந்தச் சீசனில் முழுசாக வந்த முதல் அணி அதுதான்.

ஆலை அணியிலிருந்து வந்தவர்கள் எண்ணிப் பத்துப் பேர்.

ஆலைக் கேப்டன் வட்டச்சாலை வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில் செயலாளரிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரே அணியில இத்தனை பேரை நான் பார்த்து மூணு வருஷமாச்சு. உங்களுக்குத் தப்பா படலைன்னா, எங்களுக்கு மூணு பேரைக் கடன் கொடுங்க."

மூன்று டிரைவர்கள் சட்டை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. டீச்சர் டிரைவர்களின் இதயங்களை மனதில் வைத்து ஆட்டத்தைப் பாதிக்கு இருபத்தைந்து நிமிஷமாகக் குறைத்தார்.

ஆட்டம் எப்படி இருந்தது என்று விவரிப்பது டிரைவர்களுக்குச் செய்கிற நியாயமாகாது. பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். பந்து வந்தால் வழிவிட்டு ஒதுங்குவது தொழில் பழக்கம் போலும். ஆனால் கடைசிக் கட்டத்தில் ஒன்று நடந்தது. ஆலை அணியின் கோட்டுக்குப் பக்கத்தில் பெரிய உடம்புக்காரரின் கையில் பந்து வந்து மாட்டியது. அவர் நின்றதோ தப்பான பக்கம் பார்த்து. திரும்புவதற்குள் நாலு பேர் மேலே வந்து தொங்கினார்கள். அவர் திரும்பவில்லை. இருபது வருஷமாக நெருக்கடியான டெப்போவுக்குள் பஸ்ஸைப் பின்னால் எடுத்து நிறுத்துகிறவர். தோளுக்கு மேல் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே பின்னாலேயே, நிதானமாக, நாலு பேரையும் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டிப்போய்ப் பந்தோடு உட்கார்ந்தார். டீச்சர் விசிலை ஊதிக் கையைத் தூக்கினார்: ஐந்து புள்ளி. அன்றிலிருந்து பெரிய உடம்புக்காரருக்கு ரிவர்ஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆலை 47, வட்டச்சாலை 5. தோற்றவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்ட மாதிரி ஜெயித்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. அங்கீகாரம் நீட்டிக்கப்பட்டது. வட்டச்சாலைக்கு வட்டாரத்தின் சிறந்த புதிய அணி என்ற பாராட்டு. இவ்வளவு ஆள்பலம் உள்ள அணி அடுத்த சீசனில் இரண்டாவது அணி ஒன்றையும் இறக்கலாமே என்று ஓர் ஆலோசனை. செயலாளர் கடிதத்தை மனைவியிடம் காட்டினார்.

"இப்ப இதுக்கும் பதினஞ்சு கையெழுத்து வாங்குவீங்களா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "போதும். உண்மையைச் சொல்லிடறேன்."

வருடாந்திரக் கூட்டத்துக்கு ஐந்து அணிக் கேப்டன்களும் வந்திருந்தார்கள். செயலாளர் எழுந்து, தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, நோட்டை மேஜை மேல் வைத்து, ராஜினாமா என்றார். பல் டாக்டரின் நசுங்கின காதுகள் சிவந்துவிட்டன. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினர் தங்களுக்குக் கடைசியில் ஒரு வேலை வந்துவிட்டதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் பேசியது ஆலைக் கேப்டன்.

"எங்க லிஸ்ட்ல இருபத்திநாலு பேர் இருக்காங்க. அதுல ஒன்பது பேர் வெளிநாட்டுல."

கல்லூரிக் கேப்டன் தொண்டையைச் செருமினார். அவர்கள் பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் படிப்பை முடித்துப் போய் நாலு வருஷமாகிறது. அவரே முடித்து இரண்டு வருஷமாகிறது. தீயணைப்பு அணியில் ஒருவர் இறந்தே போயிருந்தார். மரியாதைக்காகப் பெயரை எடுக்கவில்லையாம். துறைமுகக் கேப்டன் தன் மச்சானை ஏழு சீசனாகப் பதிவு செய்துவருவதாகவும், மச்சானுக்கு அது தெரியாது என்றும் சொன்னார். பாலத்தடிக் கேப்டன், "எங்களை எதுக்குக் கேக்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

டீச்சர் எழுந்து போய், டிரைவிங் ஸ்கூல் கரும்பலகையில் வரைந்திருந்த நாற்சந்தியை அழித்தார். ஒவ்வொரு கேப்டனிடமும் நிஜமாக வருகிறவர்கள் எத்தனை என்று கேட்டு எழுதினார். யாரும் இந்த முறை கூட்டிச் சொல்லவில்லை. பதிவில் நூற்று முப்பத்து மூன்று. நிஜத்தில், டிரைவர்களையும் சேர்த்து, அறுபத்தொன்று.

"அறுபத்தொண்ணு. நாலு அணி, ஒருத்தர் மீதி," என்றார் டீச்சர். "அதை ஆறா பிரிச்சு வச்சுக்கிட்டுத்தான் ஆள் இல்லைன்னு அழுதுக்கிட்டிருந்தோம்."

அன்றே முடிவாயிற்று. அணிகள் வேண்டாம். சனிக்கிழமை நாலு மணிக்கு யார் வருகிறார்களோ அவர்களை இரண்டாகப் பிரித்து ஆடுவது. பல் டாக்டருக்குத்தான் ஆறவில்லை. "அப்ப நான் எதுக்குத் தலைவர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அவரைக் கௌரவத் தலைவர் ஆக்கினார்கள். செயலாளரின் ராஜினாமாவை ஏற்கவில்லை. நோட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதே காரணம். சம்மேளனத்துக்கு உண்மையை எழுதினார்கள். அங்கீகாரம் போயிற்று. டெப்போ மேலாளருக்கும் விஷயம் எட்டி, செயலாளருக்கு ஒரு மெமோ கிடைத்தது. அவர் அதைப் படித்து, நியாயம்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்; இந்த முறை தாளை மடிக்காமல்.

மைதானத்தின் சனிக்கிழமை நேரம் நாய்ப் பள்ளிக்குப் போயிற்று. அவர்கள் சரியாக மூன்றரைக்கு முடித்துக்கொள்வார்கள். காலியான மைதானத்தில் நாலு மணிக்கு இவர்கள். முதல் சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள், மறு வாரம் இருபத்தொன்பது. மூன்று மாதம் முடிந்து சனிக்கிழமை விடுமுறை போன பிறகும் டிரைவர்களில் ஒன்பது பேர் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ரிவர்ஸ் ஒரு வாரமும் தவறியதில்லை.

செயலாளருக்குக் கட்டம் போட ஒன்றும் இல்லை. ஓரத்தில் நின்று தலைகளை எண்ணி நோட்டில் எழுதுவார். எண்ணிக்கை சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். ஒரு சனிக்கிழமை பதினெட்டுப் பேர்தான் வந்தார்கள். பதினெட்டு என்றே எழுதிவிட்டு, ஒன்பதுக்கு ஒன்பதாக அவர்கள் ஓடுவதை ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டார். அவர் சொன்னார். மனைவி, "சாப்பிட வாங்க" என்று இரண்டு தட்டு எடுத்துவைத்தார்.